உதவித்தொகையும் உழைப்பும்

வேலையற்ற இளைஞனுக்குப் பணம் கொடுத்தால் சோம்பேறியாகி விடுவான் என்று கூறுவோர் நம் விடுதிகளிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வீதம் மூன்றாண்டுகள் கிடைக்கும். நாளொன்றுக்கு 20 ரூபாய். இந்தச் சாங்வியில் ஒரு வடாபாவும் தேநீரும் வாங்கினால் தீர்ந்து போகும் தொகை! இதுவா ஒருவனைச் சோம்பேறியாக்கும்?

தொகை சிறிது என்பது ஒரு குறை. அதனினும் பெருங்குறை, அது காலங்கடந்து வருவது. படித்தது மறந்து, ஊரார் ஏச்சுக்கு ஆளாகி, ஊக்கமும் குன்றிய பிறகன்றோ சர்க்கார் கை நீட்டுகிறது! பயிர் கருகியபின் பெய்யும் மழையால் யாருக்குப் பயன்?

நாம் படிக்கவும் பிழைக்கவும் வந்த மராட்டிய மண் ஒரு பாடம் சொல்கிறது. 1965-இல் சாங்லி மாவட்டத்துத் தாஸ்காவ் பகுதியில் வி. ச. பாகே வேலை உறுதித் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார். 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அது மாநிலமெங்கும் பரவிற்று, 1977-இல் சட்டமாயிற்று. நாட்டுப்புறத்தில் உடலுழைப்பு வேலை கேட்டவர்க்கு 15 நாளில் வேலை தரவேண்டும். தவறினால் நாளுக்கு ஒரு ரூபாயேனும் படி தரவேண்டும் என்றது அச்சட்டம். 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு இதுவே முன்னோடி. அந்தப் படி, கடமை தவறிய சர்க்கார் கட்டும் அபராதம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

படித்தவர்க்கும் அந்நெறி வேண்டும். மராட்டிய அரசு 2024-இல் தொடங்கிய இளைஞர் பயிற்சித் திட்டம், பட்டதாரிக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுத்து அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பிற்று. நல்ல முயற்சிதான். எனினும், பயிற்சிக்குப்பின் வேலை உண்டு என்ற உறுதி அதில் இல்லை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஐந்தாண்டுக் காத்திருப்பை ஒழித்து, பதிவு செய்த சில மாதங்களிலேயே ஊதியத்தோடு கூடிய தொழிற்பயிற்சி தரவேண்டும். இரண்டாவது, சிறு வேலை கிடைத்தவுடன் தொகையை ஒரேயடியாக நிறுத்தலாகாது. பிரிட்டனில் 2021 முதல், விலக்களித்த வரம்புக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு பவுனுக்கும் 55 பென்சு மட்டுமே உதவியிலிருந்து கழிக்கிறார்கள்; உழைத்தவன் கையில் மிச்சம் நிற்கிறது. மூன்றாவது, பயிற்சியாளரைப் பெற்றுக்கொண்டு, இடம் காலியிருந்தும் அவர்களில் எவருக்கும் வேலை தராத ஆலைக்கு மறு ஆண்டு ஆள் அனுப்பலாகாது.

இதற்குப் பணம் எங்கே என்பார்கள். படித்த கைகள் ஐந்தாண்டு சும்மா கிடப்பதால் வரும் நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

தோழர்களே! நாம் ஊர்விட்டு வர முடிந்தது. முதிய பெற்றோரை விட்டு வர இயலாமல் அங்கேயே காத்திருப்போர் பலர். அவர்களுக்காக நம் மன்றம் ஒரு தீர்மானம் இயற்றித் தமிழ்நாட்டு அரசுக்கு அனுப்பட்டும். அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழிகிறேன், வழிமொழிய வாருங்கள்.