பழி எழுதுவினைஞர்மீது, பழுதோ தாய்ப்பலகையில்!

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டிய அலுவலகம் ஒன்றிலே, கணினி ஒன்று நண்பகல் வேளைகளில் தானே விழுந்து தானே எழும்பிக்கொண்டிருந்தது. திரை நீலமாகும், பாதி எழுதிய கடிதம் மறையும், உரமானியப் பட்டியலுக்காக வந்த கமக்காரன் வாசலில் காத்து நிற்பான். கொழும்பிலிருந்து வந்த திருத்துநர் ஒரே பார்வையில் தீர்ப்பு வழங்கினார்: "வைரஸ்! யாரோ கண்ட கண்ட பென்டிரைவைச் செருகியிருக்கிறார்கள்." வின்டோசை அழித்து மீண்டும் பதித்தார், பணம் பெற்றார், போனார். பத்து நாளில் பழைய கதை. மும்முறை இவ்வாறே நடந்தது. நான்காம் முறை, இயந்திரம் செத்துவிட்டது, புதிது வாங்குக என்றார்கள். இதற்கிடையே, பென்டிரைவ் செருகிய குற்றத்துக்காக எழுதுவினைஞரிடம் விளக்கமும் கோரப்பட்டது!

இத்தனைக்கும், பெட்டியின் மூடியை ஒருவராவது கழற்றிப் பார்த்தாரா? இல்லை. நாமே கழற்றினோம். தாய்ப்பலகையிலே, செயலியின் அருகில் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு உருளைகளில் மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியிலே பழுப்பு நிறப் பொருக்கு.

பாடநூல் இவற்றைக் கொள்ளளவி என்னும். கடைத்தெரு கெப்பாசிற்றர் என்னும். கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்வோனுக்கு இவற்றின் தொழிலை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. வந்த நீரைத் தேக்கி, வயல் கேட்கும்போது தளம்பாமல் விடுவதற்கன்றோ குளம்? மின்வழங்கி தரும் 12 வோல்ற்றைத் தாய்ப்பலகை ஏறத்தாழ 1 வோல்ற்றாக இறக்கிச் செயலிக்கு ஊட்டுகிறது. செயலியோ ஒரு கணம் சிறிது கேட்கும். மறுகணம் பெருந்தொகை கேட்கும். அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்குவது கொள்ளளவி. அதனுள் இருக்கும் திரவம் வற்றினாலோ, கெட்டு வாயுவைக் கக்கினாலோ, குளம் தூர்ந்தது போலத்தான். அழுத்தம் தளம்பும், கணக்குப் பிழைக்கும், இயந்திரம் விழும். வெப்பம் 10 பாகை செல்சியசு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு. தூசி அடைத்த விசிறியோடு, குளிரூட்டி இல்லாத அறையிலே, சித்திரை வெயிலில் அது நண்பகலில் விழுந்ததில் வியப்பென்ன?

இச்சிறுமை நம்மூருக்கு மாத்திரம் உரியதன்று. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, குறைபாடுள்ள கொள்ளளவிகள் உலகெங்கும் தாய்ப்பலகைகளைக் கெடுத்தன. அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 யூலை வரை இவ்வாபத்துக்குரிய கணினிகள் குறைந்தது 1 கோடியே 18 இலட்சத்தை அனுப்பியது என்பது, 2010இல் வழக்கு ஆவணங்கள் வெளியானபோது அம்பலமாயிற்று. டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் கணினிகள் விழுந்தபோது அந்நிறுவனம் சொன்ன காரணம் யாது தெரியுமா? கணிதத் துறையினர் கடினமான கணக்குகளைப் போட்டுவிட்டார்களாம்! அரிசி ஆலை உடைந்ததற்கு நெல்லைக் கொட்டியவனே குற்றவாளி என்பதுபோல இல்லையா? பேராசிரியர்களுக்கே இக்கதியெனில், நம் எழுதுவினைஞர் எம்மாத்திரம்?

வைரஸே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒழுங்காகச் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறோம். வின்டோஸ் எழும்புமுன்பே, பயோஸ் திரையிலேயே இயந்திரம் உறைந்தால் வைரஸ் என்ன செய்யும்? இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓடவிடலாம்; கடற்காற்றின் உப்புப் படிந்த தொடுமுனைகளைத் துடைக்கலாம்; நல்ல மின்வழங்கி ஒன்றை மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பழக்கமற்றோர் திறக்கலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் உயிர்கொல்லும் மின் உள்ளே நிற்கும். பிறகு மூடியைக் கழற்றி, டோர்ச் ஒளியிலே உருளைகளின் தலையைப் பாருங்கள். தலை தட்டையாக இருந்தும் உள்ளே கெட்டவை உண்டுதான். உப்பியதோ ஐயத்துக்கு இடமின்றிக் கெட்டது. இன்றைய தாய்ப்பலகைகள் பெரும்பாலும் திண்மக் கொள்ளளவிகளோடு வருகின்றன என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை. ஆனால் மூதூரிலும் குச்சவெளியிலும் உள்ள பள்ளிகளுக்கு அன்பளிப்பாக வருவன புதியனவா?

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியதை நாம் மறக்கவில்லை. பிறநாட்டுப் பொருளை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதை நாகரிகமென எண்ணும் அலுவலகங்கள் அதை மறந்துவிட்டன.

நம் இயந்திரத்தைக் கிண்ணியாவிலே வானொலி திருத்தும் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அதே கொள்ளளவு, குறையாத வோல்ற்றளவு, 105 பாகை தாங்கும் வகை என்று பார்த்தெடுத்து, நேர்முனை எதிர்முனை பிசகாமல் மூன்றையும் ஈயம் வைத்துப் பொருத்தினார். ஒரு பிற்பகல் வேலை. செலவு, புதிய கணினி விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்றுதொட்டு இயந்திரம் விழவில்லை. எழுதுவினைஞரிடம் விளக்கம் கோரிய கடிதமோ இன்னும் அவருடைய சுயகோவையிலே கிடக்கிறது. அதை எப்போது அகற்றுவதாக உத்தேசம்?