அளவான பயணம்

மலை, கடல், நகரம் ஆகிய மூன்றும் அமைந்த மாநிலம் கேரளம். அதனால் நான்கு நாள் விடுமுறையிலேயே மூணாறு, கொச்சி, கோவளம் என அனைத்தையும் பார்த்துவிடப் பலர் திட்டமிடுகின்றனர். இது பொருத்தமான திட்டமன்று.

கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வளைந்து ஏறும் மலைப்பாதையில் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 4 மணி நேரமாகும். மூணாற்றிலிருந்து தெற்கே கோவளம் செல்ல ஒரு பகற்பொழுதே கழிந்துவிடும். விடுமுறையின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்தால், உடன்வரும் முதியோரும் குழந்தைகளும் களைத்துப்போவர்.

கடற்கரைக்காகக் கோவளம் வரை செல்லவேண்டியதில்லை. கொச்சிக்கு அருகே, வைப்பின் என்னும் தீவில் செராய் கடற்கரை உள்ளது. எனவே மூணாற்றில் இரண்டு நாளும் கொச்சியில் இரண்டு நாளும் தங்கலாம். தேயிலைத் தோட்டங்களினூடே காலாற நடக்கலாம். கொச்சிக் கோட்டைப் பகுதியில் சீன வலைகள் நீரில் இறங்கி ஏறுவதைப் பொறுமையாகக் காணலாம்.

பருவத்தையும் கருத வேண்டும். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடையும். அப்போது மலையில் மண்சரிவும் கடலில் பேரலைகளும் ஏற்படக்கூடும். ஆகவே, கோடை விடுமுறையின் முற்பகுதியே ஏற்றது.

தொலைவு, நேரம், பருவம் ஆகியவற்றைக் குடும்பத்தினர் அனைவரும் கலந்து பேசித் திட்டமிடுதல் நன்று.