ஷார்ட் ஷிஃப்டர்: கேட்காம மாட்டாதீங்க மக்களே!

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு காருக்கு ஷார்ட் ஷிஃப்டர் மாட்டினேன். ரெண்டே வாரத்துல நானே கழட்டிட்டேன். நம்ம காலேஜ்ல இதே பிளான்ல பல பேர் இருக்கீங்கன்னு தெரியும். அதான் எழுதறேன்.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். கியர் லிவர் வெறும் நெம்புகோல்தான். பிவட்டுக்கு மேல 240 மி.மீ., கீழ 40 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க. விகிதம் 6. ஷார்ட் ஷிஃப்டர்ல கீழ்ப்பக்கம் 50 மி.மீ. ஆகுது, விகிதம் 4.8. கை நகர வேண்டிய தூரம் 20 சதவீதம் குறையும். சூப்பர்! ஆனா கை கொடுக்க வேண்டிய விசை 25 சதவீதம் கூடும். தூரத்துல மிச்சம் பிடிச்சதை விசையில கட்டணும். பள்ளிக்கூடத்துலேயே படிச்சதுதான். வீடியோல 'டக் டக்'னு சத்தம் கேட்கும்போது மட்டும் மறந்துடுது.

"கியர் சீக்கிரம் மாறுமே"ன்னு கேட்பீங்க. கியர் விழற நேரத்தை கையோட தூரம் மட்டும் முடிவு பண்றதில்ல. உள்ள சின்க்ரோனைசர் வளையம் உராய்ஞ்சு, ரெண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கினாதான் கியர் சேரும். நெம்புகோல் பலம் குறைஞ்சா, அதே கை அழுத்தத்துக்கு வளையத்துல விழற விசையும் குறையும். அப்போ ஒண்ணு காத்திருக்கணும், இல்ல பலமா தள்ளணும். அவசரப்பட்டு தள்ளிக்கிட்டே இருந்தா வளையம் சீக்கிரம் தேயும். கியர்பாக்ஸை இறக்கி அதை மாத்தற செலவு, ஷிஃப்டர் விலையைத் தூக்கி சாப்பிட்டுடும்.

மஸ்டா மியாட்டா மாதிரி காருல கியர் சின்னதா, சுகமா விழும்னு சொல்றது உண்மைதான். ஆனா அதுல இன்ஜின் நீளவாக்குல இருக்கு, லிவர் நேரா கியர்பாக்ஸுக்குள்ளயே இறங்குது. நம்ம ஊர் ஹேட்ச்பேக்ல பெரும்பாலும் இன்ஜின் குறுக்கால கிடக்கும், நடுவுல ரெண்டு கேபிள் ஓடும். லிவரை மட்டும் மாத்திட்டா மியாட்டா ஆயிடாது. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் கொஞ்சம் தப்பினாலும் கியர் முழுசா உட்காராது. எனக்கு முதல் நாளே மூணாவது கியர் ரெண்டு தடவை வெளிய வந்துச்சு.

இதெல்லாம் கூட சமாளிச்சுட்டேன். சமாளிக்க முடியாதது வேற.

அந்தக் காரை தினமும் ஓட்டறது நான் இல்ல, எங்க அம்மா. நாப்பத்தாறு வயசுல ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷமா அவங்களுக்கு இடது தோள்பட்டை வலி. நம்ம காருல கியர் போடறது இடது கை. நான் ஹாஸ்டல் வந்த அப்புறம் ஒரு வாரம் எதுவும் சொல்லல. அப்புறம் போன்ல சாதாரணமா கேட்டாங்க: "கண்ணு, இந்த ரெண்டாவது கியரு ஏன் இப்படி முரண்டு பிடிக்குது? நான் இப்ப ஆபீஸுக்கு பஸ்ஸுலதான் போறேன்."

25 சதவீதம்னா என்னன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அந்த சனிக்கிழமையே ஊருக்குப் போய்க் கழட்டினேன். கழட்டும்போது மெக்கானிக் அண்ணா காட்டினார், கேபிள் முனையில இருந்த பழைய புஷ் தேஞ்சு ஆடிட்டு இருந்துச்சு. லிவர் 'கொழகொழ'ன்னு இருந்ததுக்கு அதுதான் காரணம். புது புஷ் போட்டு, கேபிளை சரி பண்ணினோம். நான் ஆசைப்பட்டதுல பாதி அதுலயே கிடைச்சிடுச்சு.

மாடிஃபிகேஷனே வேண்டாம்னு நான் சொல்லல. காரு உங்களோடது, ஓட்டறதும் நீங்க மட்டும்தான்னா தாராளமா போடுங்க. ஒரிஜினல் பார்ட்ஸைப் பத்திரமா எடுத்து வைங்க, வாரண்டி இருக்கான்னு பாருங்க. ஆனா முதல்ல புஷ், கேபிள், கியர் ஆயில், இந்த மூணையும் செக் பண்ணுங்க. வீட்டு காரா இருந்தா, அதை ஓட்டற எல்லாரையும் கேட்டுட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

நான் அம்மாகிட்ட கேட்கவே இல்ல. என் ரிப்போர்ட்ல இருக்கற ஒரே பெரிய தப்பு அதுதான்.