குளிர்பெட்டிப் பதிவேட்டில் நாளைய தேதி

அன்று தேதி 12. தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டைத் திறந்தேன். 15ஆம் தேதி மாலை வரைக்கும் 4, 4, 4 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. காலையும் மாலையும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டிய எண் அது. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே நிற்க வேண்டும். உறைந்தால் வீணாகிற தடுப்பூசிகள் உண்டு. வீணானதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்.

எழுதிய செவிலியரை நான் கடிந்துகொள்ளவில்லை. பிரசவ அறை, வார்டு, மருந்து அறை என்று மூன்று இடத்துப் பதிவேடுகளும் அவர் தலையில் இருந்தன. அடுத்த வாரம் மதிப்பீட்டாளர்கள் வருவதாகத் தகவல். வெற்றுக் கட்டம் தெரியக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் தம்மம்பட்டிக்காரி. அப்பா வாகை மரத்தில் சாமி சிலை செதுக்குபவர். செவிலியர் படிப்பு முடித்து, மருத்துவமனை நிர்வாகமும் படித்து, அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் குவாலிட்டி மேனேஜராகச் சேர்ந்தேன். ஊருக்குப் போனால் பெரியம்மா கேட்பார்: “ஊசியும் போடறதில்ல, மருந்தும் குடுக்கறதில்ல. அப்புறம் என்னதான் கண்ணு பாக்கற?”

பெரியம்மாவுக்குப் புரியாததில் வியப்பில்லை. அரசுக்கே இது ஒரு வேலையாக இன்னும் முழுதாகப் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதிக் கட்டமைப்பு 2013இல் வந்தது. பேச்சு வழக்கில் ‘என்குவாஸ்’. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். நேரில் பார்ப்பார்கள், பணியாளரிடமும் நோயாளியிடமும் கேட்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள். தேறினால் 3 ஆண்டுக்குச் சான்றிதழ். அதைக் கட்டிக்காக்க வேண்டிய எனக்கோ 11 மாத ஒப்பந்தம். செவிலியர், மருந்தாளுநர் யாரையாவது ‘கூடுதல் பொறுப்பு’ என்று இதில் உட்காரவைப்பதும் உண்டு. அவர்கள் மாற்றலாகிப் போனதும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

சுவர்ப் பூச்சு மதிப்பீட்டு நாள் வரை தாங்கும். குப்பை தாங்காது. மருத்துவக் கழிவு விதிகள் 2016இன்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும். கட்டுத்துணியும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் போக வேண்டிய மஞ்சள் பையில் இட்லிப் பொட்டலக் காகிதம் விழுந்தால் அதுவும் சேர்ந்து எரியுலைக்குப் போகும். எங்கள் ஊர்ச் சுவேத நதிக் கரையில் வளர்ந்த எனக்குக் கழிவு எங்கே போய்ச் சேரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பெடுத்தேன், சுவரொட்டி ஒட்டினேன், மாறவில்லை. தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர்தான் சொன்னார்: “சாப்பாட்டுக் குப்பைத் தொட்டி வராண்டா கோடியில இருக்குதுங்க. பேஷண்டு கூட இருக்கறவங்க அவ்வளவு தூரம் எங்க நடப்பாங்க?” தொட்டியைக் கட்டில் வரிசைக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். மஞ்சள் பையின் எடை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. எந்தக் கையேட்டிலும் நான் படிக்காதது இது. அந்த வார்டிலேயே பழகிக் கிடந்தால்தான் இப்படி ஒன்று காதில் விழும்.

தரத்தை நிலையான அமைப்பாக நடத்தத் தெரியாத மாநிலமல்ல இது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்தாலும் உடனே வெளியே போகாது. தொகுதிவாரியாக மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகுதான் விநியோகம். யார் பதவிக்கு வந்தாலும் போனாலும் அந்த நடைமுறை ஓடுகிறது. மாத்திரைக்குச் செய்ததை வார்டுக்குச் செய்ய என்ன தயக்கம்?

தர அலுவலர் என்று நிரந்தரப் பணியிடம் வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே ஆளெடுக்க வேண்டும். செவிலியரும் மருந்தாளுநரும் ஆய்வக நுட்பநரும் பதவி உயர்வில் இதற்கு வர வழி வேண்டும். என் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு என்ன படிக்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் சில ஆண்டு வார்டில் நில்லுங்கள் என்கிறேன். பிறகு மருத்துவமனை நிர்வாகம், அக மதிப்பீட்டாளர் பயிற்சி. அதற்கப்பால் எந்தப் பதவிக்குப் போகலாம் என்று கேட்டால்தான் என்னிடம் பதில் இல்லை.

அந்த வெப்பநிலைப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து ஐ.எல்.ஆர். பெட்டியின் மேலேயே பேனாவோடு கட்டித் தொங்கவிட்டோம். எந்த எண்ணை எழுதினாலும் யாரையும் திட்டமாட்டோம் என்று மருத்துவ அலுவலரே எல்லார் முன்னாலும் சொன்னார். சில மாதம் கழித்து ஒரு மாலைக் கட்டத்தில் 9 என்று இருந்தது. ஓரத்தில் அதே செவிலியரின் கையெழுத்து: “கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. மருந்தாளுநரிடம் சொல்லிவிட்டேன்.” அதை என் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்த மாதக் கடைசியில்தான் என் ஒப்பந்தம் முடிந்தது.