பழைய காரும் பொலிஸ் வேஷமும்

ஓய்வுபெறும் பொலிஸ் உத்தியோகத்தர் தம் சீருடையைக் களைந்து ஒப்படைத்துவிட்டே வீடு செல்கிறார். மறுநாள் வேறொருவன் அதே சீருடையைத் தைத்து அணிந்து சந்தியில் நின்றால் சட்டம் அவனைச் சும்மா விடுமா? விடாது. ஓய்வுபெற்ற பொலிஸ் காருக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாதா? ஏலத்தில் எடுத்த காருக்குப் பழைய நிறத்தையும் இலச்சினையையும் மேல்விளக்கையும் மீண்டும் பூட்டி வீதியில் ஓட்டுவதை வெறும் பொழுதுபோக்கென்று இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது?

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் கனடாவில் இக்கேள்விக்கு இரத்தத்தால் விடை எழுதப்பட்டது. 2020 ஏப்ரல் 18 இரவு, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் போர்ட்டாபிக் என்னும் சிற்றூரில் ஒருவன் கொலைவெறியைத் தொடங்கினான். மறுநாள் முற்பகல் பொலிசார் அவனைச் சுட்டு வீழ்த்துமுன் 22 உயிர்கள் பலியாயின. அவன் ஏறிச் சென்ற வாகனம் யாது? அரசாங்கமே உபரிச் சொத்தென 2019இல் விற்ற போர்ட் டோரஸ் கார். அடையாளங்களை அகற்றித்தான் அரசாங்கம் அதை விற்றது. அவனோ அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் ஒட்டி, மேல்விளக்கையும் பூட்டி, சேவையிலிருந்த கோலத்துக்கே அதைக் கொண்டுவந்தான். பொலிஸ்காரர் ஒருவரே அதனைத் தம் சக உத்தியோகத்தரின் கார் என்று எண்ணிக் காத்திருந்து குண்டடிபட்டார். பொலிஸ்காரரே ஏமாந்த இடத்தில் பாமரக் குடிமகன் என்ன செய்வான்? வேலியின் வேஷம் பூண்ட ஒன்று பயிரை மேய்ந்தது.

ஆட்சியாளரின் கை மட்டும் சுத்தமா? அந்தக் காரின் படம் காலை ஏழரை மணியளவில் பொலிசாரின் கைக்குக் கிட்டியிருந்தது. பொதுமக்களுக்கு அது காட்டப்பட்டதோ பத்தேகாலுக்குப் பின். இடையில் கழிந்த மூன்று மணி நேரத்துக்குள் வீழ்ந்தவர்கள் பலர். பழைய பொலிஸ் கார்களின் விற்பனையை மத்திய அரசாங்கம் 2021 ஜனவரியில் நிறுத்திவைத்தது. பொலிஸ் அடையாளப் பொருள்களைக் கட்டுப்படுத்த மாகாண சட்டசபையும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

“என் பணம், என் கார், என் விருப்பம்” என்று வாதிடுவோர் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: நீங்கள் வாங்கியது இரும்பையும் இயந்திரத்தையுமே. அந்த நிறத்தைக் கண்டதும் குடிமகன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிறானே, அந்த நம்பிக்கை ஏலத்தில் கூறப்படவில்லை. அது பொதுமக்களின் உடைமை. அதை விற்க அரசாங்கத்துக்கும் உரிமையில்லை.

ஆயின், பழைய பொலிஸ் கார் எதையும் எவரும் புதுப்பிக்கலாகாது என்று மறுகோடிக்கு ஓடுவோருடனும் நாம் உடன்படோம். ஒட்டியிருந்த எழுத்தை உரித்தெடுத்த இடத்தில், வெயில் படாத வர்ணம் அதன் நிழலைக் காட்டிநிற்கும். அந்நிழலை அளந்து, கூரையில் அடைக்கப்பட்ட துளைகளை எண்ணி, பழைய படங்களோடு ஒப்பிட்டு ஒரு காரை மீட்பவன் சரித்திரத்துக்குத் தொண்டு செய்கிறான். பிரித்தானியாவில் மணி கட்டிய கறுப்பு வூல்ஸ்லி கார்களும், 1960களின் வெளிர்நீல, வெள்ளை போர்ட் அங்கிலியாக்களும் இவ்வாறே மீட்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டு இன்று எவரும் ஏமாறார். ஒரு தலைமுறை எவ்வாறு ஆளப்பட்டது என்பதற்கு அவை கண்கண்ட சாட்சி.

எனவே எல்லைக்கோடு தெளிவானது. படையே கைவிட்டுவிட்ட கோலத்தை யாரும் மீட்கலாம். இன்று வீதியில் காவல் புரியும் காரின் கோலத்தை எவரும் தனியே பூணலாகாது. விளக்கைப் பற்றி பிரித்தானியாவின் 1989ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தயக்கமின்றிப் பேசுகின்றன. அவசர சேவைக்குரியதல்லாத வாகனத்தில் நீல எச்சரிக்கை விளக்கு பூட்டலாகாது. அது எரியாத விளக்காயினும் குற்றமே. இத்தகைய தெளிவு எல்லா நாடுகளுக்கும் வேண்டும். அடையாளத்தைச் சுரண்டிவிட்டுக் காரை விற்பதோடு தன் கடமை தீர்ந்ததென்று எந்த அரசாங்கமும் இருத்தலாகாது. இலச்சினையை அச்சிட்டுக் கொடுப்பவனையும் மேல்விளக்கு விற்பவனையும் “யாருக்கு? எதற்கு?” என்று கேட்கச் சட்டம் வேண்டும்.

பொலிஸ் காரைக் கண்டால் நெஞ்சு பதறுவது எத்தகைய வாழ்வு என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மெய்யான காருக்கே நேர்மையைக் கேட்டு நிற்கும் நாம், பொய்யான காருக்கு இடங்கொடுக்க உடன்படலாமா?