அடிபட்டவர் எல்லோரும் கற்றவரா?

நாற்பது வருட அனுபவம் என்று சொல்லும் வியாபாரிகளைப் புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் நமது மாளிகாவத்தையிலும் தினமும் சந்திக்கிறோம். அனுபவம் இருப்பது உண்மைதான். அதிலிருந்து என்ன எடுத்தார்கள் என்பதே கேள்வி.

2022ஆம் ஆண்டைப் பாருங்கள். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது. அதுவரை 203 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கமே அறிவித்துவிட்டது. மூன்று மாதத் தவணைக்குச் சாமான் கொடுத்துவிட்டுக் காசோலையோடு காத்திருந்தவருக்குப் பணம் வந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு, விற்ற சாமானில் பாதியைச் சற்றுக் கூடுதலாகத்தான் மீண்டும் இறக்க முடிந்தது. கணக்கேட்டில் லாபம், களஞ்சியத்தில் வெற்றிடம்.

அடி எல்லோருக்கும் ஒன்றுதான். பாடம் ஒன்றாக இருக்கவில்லை. "சாமானைப் பிடித்து வைத்தால் போதும், விலை ஏறியே தீரும்" என்று சிலர் விளங்கிக்கொண்டனர். கடன்பட்டும் களஞ்சியத்தை நிரப்பினர். (பதுக்கலை மார்க்கம் தடுத்திருப்பது ஒருபுறமிருக்கட்டும்.) 2023 ஜூன் ஆரம்பத்தில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்தது. 360க்கு இறக்கியதை, 300க்கு இறக்கியவரோடு போட்டிபோட்டு விற்க வேண்டியதாயிற்று.

வேறு சிலர் ஏன் அடிபட்டோம் என்று உட்கார்ந்து யோசித்தனர். விலை ஏறியது மட்டும் காரணமல்ல, தவணை நீண்டதும் காரணம் என்று கண்டனர். தொண்ணூறு நாளை முப்பதாகக் குறைத்தனர். அடுத்த முறை இறக்கும் விலையைப் பார்த்து விற்றனர். நெருக்கடியிலும் காசோலை திரும்பாமல் காத்தவர் யார், தொலைபேசியை நிறுத்தி வைத்தவர் யார் என்று குறித்து வைத்தனர். கடனை எழுதி வையுங்கள் என்று அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) சொல்லியிருக்க, சிகரட் பெட்டி மட்டையில் கணக்கெழுதும் பழக்கம் நம்மில் இன்னும் போகவில்லை!

எல்லா அடியையும் நாமே வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் வியாபாரிகளும் இருந்தனர். புத்தளத்திலும் கொழும்பிலும் அவர்களில் பலர் மீண்டும் கடை திறந்தனர். இன்றும் அவர்களில் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். கல்லாவில் உட்காரும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி ஒன்றை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள்: கடையும் சரக்கும் போன பிறகு, முதல் சாமானைக் கடனுக்குத் தந்தவர் யார்? எதை நம்பித் தந்தார்?