வாவிக்கு மேற்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்கல்வி வறியவர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும், பல்கலைக்கழகங்கள் பாடசாலைகளை நாடிச் செல்ல வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுவதும், அப்பேச்சின் பயனாக நடைபெறும் வழிகாட்டற் கருத்தரங்குகள் பெரும்பாலும் மட்டக்களப்பு நகரத்து மண்டபங்களிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஆயுட்காலம் முழுவதும் ஆசிரியத் தொழில் செய்து ஓய்வுபெற்ற எனக்கு நெடுநாளாகவே மனவருத்தம் தந்துவரும் விஷயமாகும்.

அத்தகைய கருத்தரங்கு ஒன்றிற்கு எங்கள் பகுதிப் பிள்ளைகள் பதினொருவரை நானே அழைத்துச் சென்றேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கான அழைப்பு முதல்நாட் பிற்பகலிலேதான் கிடைத்தது. உன்னிச்சைப் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் யானைக்குப் பயந்து, வெளிச்சம் வந்தபின்னரே வீதிக்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, வாவியின் மேலுள்ள வலையிறவுப் பாலத்தைக் கடந்து மண்டபத்தை அடைந்தபோது மணி பத்தாகிவிட்டது. எந்தப் பாடங்களைக் கற்றால் எந்தக் கற்கைநெறிக்குப் பிரவேசிக்கலாம் என்று விளக்கும் பகுதி அதற்குள் முடிந்துபோயிற்று. பின்வரிசையில் நின்றபடியே கேட்டுவிட்டு, பாதி ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பத்திரமாகக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். திரும்பும் வழியில் ஒரு பிள்ளை, உயர்தரத்தில் கலைப்பிரிவிற் பயிலும் மாணவி, மெதுவாகக் கேட்டாள்: “சேர், இசட் புள்ளி எண்டா என்ன?” பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பதே அப்புள்ளிதான்.

அப்பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ‘ஏ’ சித்தி பெற்றவள். செங்கல் அறுக்கும் தொழில் செய்யும் அவளுடைய தகப்பனார், பெறுபேறு வந்த கிழமையில் என்னிடம் ஓடிவந்து, “பிள்ளை எதைப் படிக்கிறது?” என்று கேட்டதும், விஞ்ஞானப் பிரிவுக்கு நகரத்திற்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னதும், விடுதிச் செலவையும் ரியூசன் செலவையும் எண்ணி அவர் நெடுநேரம் மௌனமாக இருந்ததும் இன்னும் என் கண்முன் நிற்கின்றன. அருகிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவு மாத்திரமே இருந்தது. அதிலே அவளைச் சேர்த்தார். ஒரு பிள்ளையின் சர்வகலாசாலைப் பிரவேசம் அந்த ஒரு கிழமைக்குள், ஒரு கூரையின் கீழ், வழிசொல்ல ஆளில்லாமல் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்பதையும், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பும் முறையைக் கற்பிப்பது காலங்கடந்த உபகாரமே என்பதையும் அதிகாரிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் கூறுவர். மருத்துவம், பொறியியல் முதலிய பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அப்பதினாறில் ஒன்று. இந்த ஏற்பாட்டை நான் குறைகூற மாட்டேன். இது இல்லாவிடில் எங்கள் நிலை இன்னும் பரிதாபமாயிருக்கும். ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்கில் மாவட்டம் ஒன்றுதான். அதன் நடுவே கிடக்கும் வாவி அந்தக் கணக்கிற் சேருவதில்லை. 1814 ஆம் ஆண்டில் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி முதலாகப் பழம்பெருங் கல்லூரிகளும் ஆய்வுகூடங்களும் ரியூசன் வகுப்புகளும் நிறைந்த, வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் வளரும் பிள்ளையும், 2007 ஆம் ஆண்டு வரையில் யுத்தத்தின் நடுவே கிடந்து, விஞ்ஞான ஆசிரியர் வருவதும் இடமாற்றம் பெற்றுப் போவதுமாய் இருக்கும் படுவான்கரையில் வளரும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. மாவட்டத்திற்குக் கிடைக்கும் சலுகை பாலத்தைத் தாண்டி மேற்கே வருவது அபூர்வம்.

எங்கள் மாவட்டத்திலேயே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக உதயமாகி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது. அது முதன்முதலிற் குடிபுகுந்த இடம் ஒரு மத்திய மகா வித்தியாலயத்தின் வளவு. மத்திய பாடசாலைகளோ, கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், நகரத்துக் கல்லூரிகளுக்கு ஒப்பான கல்வி கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமென்று ஊர்ப்புறங்களில் எழுப்பப்பட்டவை. அப்படிப்பட்ட மண்ணில் எழுந்த சர்வகலாசாலையிடம் கிராமங்கள் ஒரு பாத்தியதையுடன் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். நான் கேட்பது புதுமையானதும் அன்று. அமெரிக்காவிலே 1965 ஆம் ஆண்டிலேயே ‘அப்வேர்ட் பவுண்ட்’ என்ற திட்டத்தின் கீழ், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியிற் படிக்கும்போதே கோடை விடுமுறையில் கல்லூரி வளாகத்திற்கு அழைத்துக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்கிற்று. ஒருநாட் கூட்டமாக அது முடிந்துவிடவில்லை.

பெருஞ்செலவு வேண்டியதில்லை என்பதற்கும் என்னிடம் ஒரு சாட்சியுண்டு. எங்கள் ஊரிலிருந்து பொறியியல் படிக்கப் போன பையன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தபோது, பாடசாலை மருதமரத்தின் கீழ் பதினோராந் தரப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தான் முதல் வருடத்தில் ஆங்கில விரிவுரை விளங்காமல் அழுததையும், மகாபொலப் புலமைப்பரிசிற் பணத்தை எப்படிச் செலவிட்டான் என்பதையும், கணிதத்தில் எந்த அலகு தனக்குக் கஷ்டமாயிருந்தது என்பதையும் ஒளிக்காமற் சொன்னான். அதுவரை கணிதப் பிரிவை நினைத்தும் பாராத மூன்று பிள்ளைகள் அன்று மாலையே என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

அப்பையனைப் போன்ற பல்கலைக்கழக மாணவரை அவரவர் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பப் பஸ் செலவும், அந்த வேலையைப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்கான கடமையாகக் கொள்ளும் ஒரு தீர்மானமுமே வேண்டும். ஒன்பதாந் தரத்திலிருந்தே ஆய்வுகூடக் கதவைத் தவணைக்கு ஒருமுறை எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிடவும், சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் கிழமையில் விரிவுரையாளர் ஒருவரையேனும் பாலத்திற்கு இப்பால் அனுப்பவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் வலயக் கல்விப் பணிமனையும் கூடிப் பேசி ஏற்பாடு செய்ய வேண்டுமென்று தங்கள் பத்திரிகையின் வாயிலாக வற்புறுத்துகிறேன். மண்டபமும் கதிரைகளும் நாங்கள் தருகிறோம். ஆயித்தியமலை, கரவெட்டி, கன்னங்குடா, விளாவெட்டுவான் என்று ஊரூராய்ச் சென்று தாய் தகப்பனாரை அழைத்துவரும் பொறுப்பையும் இந்த வயதிலும் நானே ஏற்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வவுணதீவு.